கோடுகளில் பெண் – 14: முக்கோணங்களால் ஆன உடல்

சென்ற இதழை ஓவியர் எஸ். இளையராஜாவோடு நிறுத்தியிருந்தோம். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோகிற வரைக்கும், கும்பகோணத்துப் பக்கத்துப் பெண்களின் கறுத்த தோளையும் கழுத்தையும் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வரைந்துகொண்டே இருந்தார் அவர். ரவிவர்மாவின் அச்சுப் படங்கள், கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர்கள், ஜெயராஜின் தொடர்கதைச் சித்திரங்கள் என்று இதுவரை நாம் பார்த்துவந்த பெண்கள் அத்தனை பேரும் தாளிலோ துணியிலோ நின்ற இடத்தில் நின்றவர்கள். இந்த இதழில் வருகிறவள் ஓடுவாள், மலையேறுவாள், செத்து மறுபடி எழுவாள். எல்லாவற்றையும் பார்க்கிறவரின் விரல் சொன்னபடி செய்வாள். காலண்டர் லட்சுமியை நாம் பார்த்தோம். வீடியோ கேமில் வருகிறவளை நாம் ஆட்டிவைக்கிறோம்.

சென்னீர்குப்பத்தில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. பூந்தமல்லி–ஆவடி சாலையில் சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். திருமழிசை சிட்கோவிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிற பெண்கள் ஒரு பக்கம். அவர்களை ஒட்டியே, போனைக் குறுக்காகப் பிடித்து பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள். பெண்பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தக் கண்கள் நாள் முழுக்க உற்றுப் பார்க்கிற பெண்ணுடம்பு, பக்கத்தில் கால் கடுக்க நிற்கிற அக்காவுடையது இல்லை. கண்ணாடிக்குள் ஓடுகிறவளுடையது. பெண் வரையப்பட்ட கதையைச் சொல்ல வந்த ஒரு தொடர் இவளைத் தாண்டிப் போகமுடியாது.

முதலில் அந்த உடம்பு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். முப்பரிமாண கேமில் உடம்பு என்பது உள்ளே வெறுமையான ஒரு ஓடு. கணினியில் சின்னச் சின்ன முக்கோணங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து அந்த ஓட்டைக் கட்டுகிறார்கள். இதற்கு மாடலிங் என்று பெயர். ஓட்டுக்குள் ஓர் எலும்புக்கூட்டைப் பொருத்துவது ரிக்கிங். தோல் நிறம், துணி, தழும்பு எல்லாம் டெக்ஸ்சர் என்கிற படமாக மேலே சுற்றப்படும். உள்ளே சதை கிடையாது, குடல் கிடையாது, கருப்பை கிடையாது. இடுப்பை எவ்வளவு இறுக்கினாலும் அவளுக்கு மூச்சு முட்டாது. எவ்வளவு பெரிய மார்பை வைத்தாலும் முதுகு வலிக்காது. சிற்பிக்குக் கல்லின் குணம் ஓர் எல்லை போடும். இங்கே எல்லை போடக்கூடியது செய்கிறவரின் மனசு ஒன்றுதான்.

எண்பதுகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஓர் உடம்பை வரைய திரையில் புள்ளிகள் போதவில்லை. 1980-ல் பாக்மேனை உருவாக்கிய டோரு இவாதானி, ஆண்களே மொய்த்துக்கொண்டிருந்த கேம் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று நினைத்துத்தான் சுடுவதை விட்டுச் சாப்பிடுவதை விளையாட்டாக்கினார். 1981-ல் டாங்கி காங்கில் குரங்கு தூக்கிப்போன பெண் கையை ஆட்டி உதவி கேட்பாள், அவ்வளவுதான். 1982-ல் மிஸ் பாக்மேன் வந்தது. அதே மஞ்சள் வட்டம், தலையில் ஒரு ரிப்பன், உதட்டில் சாயம். 1986-ல் நின்டெண்டோவின் மெட்ராய்டில், கவசம் பூண்ட வீரர் சேமஸ் என்கிற பெண் என்பது ஆட்டம் முடிந்தபிறகே தெரியவரும். ஒரு பெண்ணை நடுநாயகமாக வைத்தது பெரிய காரியம். ஆனால் ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவள் வந்து நிற்பாள். வென்றவனுக்குப் பரிசு பெண்ணுடம்பு என்கிற பழக்கம் அப்போதே வேர்விட்டிருந்தது.

1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் வந்த சுன்-லியை மட்டும் நான் தனியாக எடுத்துவைப்பேன். அவளுடைய தொடை பருத்தது. காலால் உதைத்தே சண்டை போடுகிறவளுக்குத் தொடை அப்படித்தான் இருக்கும். மிகைப்படுத்தல்தான், ஆனாலும் அந்த உடம்பு ஒரு வேலைக்காக வரையப்பட்டது. செய்கிற வேலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இந்தத் தொடர்பு அறுந்துபோனதுதான் அடுத்த பத்தாண்டுகளின் கதை.

1996-ன் கடைசி மாதங்களில், இங்கிலாந்தின் டெர்பி நகரத்திலிருந்த கோர் டிசைன் நிறுவனம் டூம்ப் ரெய்டரை வெளியிட்டது. அதன் நாயகி லாரா கிராஃப்டை வடிவமைத்தவர் டோபி கார்டு என்கிற இளைஞர். முதலில் அவர் வரைந்தது ஓர் ஆணை. இந்தியானா ஜோன்ஸின் சாயல் தட்டியதால் கைவிட்டார்கள். பிறகு லாரா குரூஸ் என்கிற தென்னமெரிக்கப் பெண்ணாகி, அப்புறம் ஆங்கிலேயப் பிரபு வீட்டு மகளானாள். அன்றைய பிளேஸ்டேஷனில் ஒரு முழு உடம்புக்கு ஒதுக்க முடிந்தது சில நூறு முக்கோணங்கள்தான். அதனால் அவளுடைய மார்பு உருண்டையாக இல்லாமல் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும்போது கை தவறி ஒன்றரை மடங்காகிவிட்டது, கூட இருந்தவர்கள் அப்படியே இருக்கட்டும் என்றார்கள் என்று கார்டு சொன்னதாக ஒரு கதை பல வருஷங்களாக உலவுகிறது. கை தவறியதோ இல்லையோ, தவறியதை அப்படியே வைத்துக்கொண்டது ஒரு முடிவு. அந்த அறையில் இருந்தவர்கள் எடுத்த முடிவு.

லாரா கெட்டிக்காரி, தனியாகப் போவாள், யாரையும் எதிர்பார்க்கமாட்டாள். அவளால் கேமுக்குள் வந்த பெண்கள் ஏராளம், அதை மறுக்கவே கூடாது. ஆனால் கேமரா அவளுக்குப் பின்னால் இருந்தது. ஆடுகிறவர் மணிக்கணக்கில் பார்ப்பது அவள் முகத்தை அல்ல, முதுகையும் இடுப்பையும். விளம்பரக்காரர்கள் மிச்சத்தைச் செய்தார்கள். 1997 ஜூனில் லண்டனின் தி ஃபேஸ் பத்திரிகை ஓர் உயிருள்ள நட்சத்திரத்துக்குத் தருகிற அட்டையை அவளுக்குத் தந்தது. மாடல் அழகிகளை அமர்த்தி, லாராவின் உடையை மாட்டி, விழாக்களில் நிறுத்தினார்கள். அவளைக் காட்டிய விதம் பிடிக்காமல் கார்டு 1997-லேயே நிறுவனத்தை விட்டு விலகினார். 2001-ல் படம் எடுத்தபோது ஆஞ்சலினா ஜோலிகூட மார்புக்குப் பேட் வைத்துத்தான் நடித்தார். அதுவரை பெண்ணைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். இப்போது படத்தைப் பார்த்துப் பெண்ணைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். ரிச்சி தெரு சிடிக்கள் வழியாகத்தான் அவள் சென்னையின் பல வீடுகளுக்கு வந்துசேர்ந்தாள். நம் பிள்ளைகள் பார்த்ததும் அந்த இடுப்பைத்தான்.

இயந்திரத்துக்குத் திறன் போதாத காலம், வேறென்ன செய்யமுடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. திறன் கூடினால் நிஜமும் கூடியிருக்கவேண்டும் அல்லவா? 2009-ல் நிக்கோல் மார்ட்டின்ஸ் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் அதிகம் விற்ற 150 கேம்களை எடுத்து, அவற்றில் வரும் பெண்களின் உடல் அளவுகளை நிஜப் பெண்களின் சராசரி அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படம் தெளிவில்லாத கேம்களில் பெண்கள் நிஜத்தைவிடப் பருமனாக இருந்தார்கள். புகைப்படம்போலத் தெளிவான கேம்களில் நிஜத்தைவிட மெலிந்திருந்தார்கள். இன்னும் கசப்பான செய்தி, சிறுவர்களுக்கு ஏற்றவை என்று முத்திரை பெற்ற கேம்களின் பெண்கள், பெரியவர்களுக்கான கேம்களின் பெண்களைவிட ஒல்லியாக இருந்தார்கள். தோலின் துளையும் தலைமுடியின் இழையும் நிஜமாக நிஜமாக, உடம்பு பொய்யாகிக்கொண்டே போயிருக்கிறது. கண் நம்புகிற அளவுக்குப் படம் நிஜமாக இருக்கும்போது அந்தப் பொய்யின் வலுவும் கூடுகிறது.

2014-ல் இதே சாக்கு வேறு உருவில் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்ட அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியில் ஆடுவதற்குப் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அனிமேஷனும் உடையும் குரலும் இரண்டு மடங்கு வேலையாகிவிடும் என்று யூபிசாஃப்ட் தரப்பில் சொன்னார்கள். அதே வரிசையின் முந்தைய கேம் ஒன்றுக்கு அனிமேஷன் தலைவராக இருந்த ஜானதன் கூப்பர், ஓரிரு நாள் வேலை இது என்று பொதுவெளியிலேயே மறுத்தார். அந்தப் புரட்சியில் 1793-ல் புரட்சித் தலைவர் மாராவைக் கத்தியால் குத்திக் கொன்றவள் ஷார்லட் கோர்டே என்கிற பெண் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டினார்கள். வரலாற்றில் இருந்த பெண்ணுக்குக் கேமில் இடமில்லை, காரணம் வேலைப்பளு!

வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். 2008-ல் பார்லெட், ஹாரிஸ் என்ற இருவர், உடம்பை முன்னிறுத்துகிற கேம்களைச் சிறிது நேரம் ஆடச் செய்து பார்த்தார்கள். ஆடி முடித்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்கள் உடம்பைப் பற்றிய மதிப்பு இறங்கியிருந்தது. 2013-ல் ஜெஸ்ஸி ஃபாக்ஸ், ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் உள்ளிட்டோர், பெண்களை மெய்நிகர் உலகில் வேறுவேறு உடம்புகளுக்குள் அனுப்பினார்கள். கவர்ச்சியாக உடுத்திய உடம்புக்குள் போனவர்கள் தங்கள் உடலைப் பற்றியே அதிகம் யோசித்தார்கள். அந்த உடம்பில் தங்கள் சொந்த முகமும் இருந்தபோது, வன்புணர்ச்சிக்குப் பெண்ணையே குற்றம் சொல்கிற எண்ணங்களுக்கு அவர்கள் கூடுதலாகத் தலையாட்டினார்கள். திரையில் ஒருத்தியின் இடுப்பை அளப்பவர், இந்தப் பக்கம் இருப்பவளின் மனசையும் சேர்த்தே அளந்துவிடுகிறார்.

மாற்றம் வந்தது. பிளிசார்ட் நிறுவனத்தில் கிறிஸ் மெட்சன் என்கிற மூத்த படைப்பாளி, பழைய காட்சி ஒன்றைத் தன் மகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதில் வருகிற பெண்கள் எல்லாம் ஏன் நீச்சலுடையில் இருக்கிறார்கள் என்று மகள் கேட்டுவிட்டாள். பதில் தெரியவில்லை என்பதை 2014-ல் அவரே வெளியில் சொன்னார். மறுவருஷம் அவர்களுடைய ஓவர்வாட்ச் கேமில் ஸார்யா என்ற ரஷ்யப் பளுதூக்கி வந்தாள். அகன்ற தோள், உருண்ட புயம், வெட்டிய தலைமுடி. அதே கேமில் இருக்கும் சிமெட்ரா ஹைதராபாத்துப் பெண், ஆனால் அவளுடைய இடுப்பு பழைய கணக்கில்தான் இருக்கிறது. 2013-ல் லாராவே மாறினாள். கிரிஸ்டல் டைனமிக்ஸ் அவளுக்குக் கால்சட்டையும் அழுக்கும் காயமும் வலியும் கொடுத்தது, மார்பை மனித அளவுக்குக் கொண்டுவந்தது. கதையை எழுதியவர் ரியானா பிராட்செட் என்கிற பெண். அந்த கேம் ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. நிஜமான பெண் விற்கமாட்டாள் என்ற வாதம் அதோடு முடிந்திருக்கவேண்டும்.

முடியவில்லை. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியானது. அதில் வரும் ஆபி, உடற்பயிற்சியால் முறுக்கேறிய உடம்புக்காரி. பெண்ணுக்கு இப்படியெல்லாம் உடம்பு இருக்காது என்று ஒரு கூட்டம் கொந்தளித்தது. ஆபியின் உடம்பு காலீன் ஃபாட்ச் என்கிற கிராஸ்ஃபிட் விளையாட்டு வீராங்கனையைப் பார்த்துச் செய்தது. உயிரோடு நடமாடுகிற ஒரு பெண்ணைக் காட்டினால் பொய் என்கிறார்கள். குடலுக்கு இடமில்லாத இடுப்பை நிஜம் என்கிறார்கள். குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இருபத்தைந்து வருஷம் ஒரே உருவத்தைக் காட்டிப் பழக்கிய கண்கள் எவ்வளவு கெட்டுப்போயிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பக்கம் திரும்புவோம். இந்தியாவில் கேம் தொழில் 1997-ல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதுவும் பின்னால் வந்த பல நிறுவனங்களும் பிழைத்தது வெளிநாட்டு கேம்களுக்குப் பொருளும் காரும் ஆளும் மாடல் செய்துகொடுத்துத்தான். எப்படி இருக்கவேண்டும் என்ற தீர்மானம் அங்கிருந்து வரும். இங்கே கை மட்டும். தமிழில் 2014-ல் கோச்சடையான் வந்தபோது, தீபிகா படுகோனும் ஷோபனாவும் மோஷன் கேப்சர் உடையில் நடித்தார்கள். அந்தக் கருவி பிடித்தது அவர்களின் அசைவை. உருவம் கணினி முன்னால் இருந்தவர்கள் செய்தது. அசைவு ஒரு பெண்ணுடையதாகவும் உடம்பு வேறொருவர் கற்பனையாகவும் பிரியக்கூடும் என்பதைத் தமிழ்ப் பார்வையாளர்கள் முதலில் பெரிய அளவில் கண்டது அங்கேதான்.

2020-ல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், ராஜி என்ற கேமைக் கொண்டுவந்தது. நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் ஓவியர். பகாரிச் சிற்றோவியங்களின் வண்ணத்தில் தீட்டிய உலகம் அது. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகிற சர்க்கஸ் சிறுமி ராஜி. தூணில் தொற்றுவாள், சுவரில் ஓடுவாள். அந்த உடம்பைப் பார்த்தால் கழைக்கூத்தாடுகிற பெண்பிள்ளை நினைவுக்கு வருகிறாள். துர்க்கையின் அருள் பெற்றவள் என்பதற்காக அவளை வயசுக்கு மீறி வளர்த்துக் காட்டவில்லை. அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக கேமுக்கான பட்டியலில் ராஜி இருந்தது.

இந்தத் தொடர் இவ்வளவு தூரம் நடந்து வந்ததே அடுத்து வருகிறவளுக்காகத்தான். 2023 ஜூலை 31-ல் டொரான்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா. வடிவமைத்தவர் அபி, சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழர். ஓவியம் சாம் எல்கானா. 1988-ல் கணவன் பாவலனோடு கனடாவில் வாழ்க்கையைத் தொடங்குகிற வெண்பா, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள், புட்டுக் குழலை நிரப்புகிறாள், பிரியாணி வைக்கிறாள். ஆட்டம் என்பது அந்தச் சமையல்தான். குறிப்பேட்டில் அழிந்த வரியை ஊகித்து, இட்லித் தட்டுகளை ஆவி போகிறபடி அடுக்கவேண்டும்.

முதல் காட்சியில் வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. கர்ப்பம் என்று தெரியவருகிறது. எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. நாற்பது வருஷ கேம் வரலாற்றில் எத்தனை நாயகிகளுக்கு மசக்கை வந்திருக்கிறது? முக்கோண ஓட்டுக்குள் இல்லாத குடலும் கருப்பையும் இவளுக்கு இருக்கின்றன. இத்தனைக்கும் அவள் முப்பரிமாணம்கூட இல்லை, தட்டையான வண்ணமும் கோடும்தான். கதை போகப் போக அவளுக்கு வயசாகிறது. மகன் கவின் வளர வளர, அவள் நிற்கிற விதத்திலும் சோர்விலும் வருஷங்கள் ஏறுகின்றன. சமைக்கும்போது திரையை நிறைப்பது பாத்திரமும் அடுப்பும். கேமரா யார் பின்னாலும் போவதில்லை. எந்த எதிரியையும் அவள் அடிப்பதில்லை. புகைப்படம்போன்ற எத்தனையோ உடம்புகளில் இல்லாத நிஜம் இந்தச் சித்திரத்தில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம், அதைச் செய்தவர்களுக்கு இப்படி ஓர் அம்மாவைத் தெரிந்திருந்தது என்பதுதான். 2024 மார்ச்சில் சுயாதீன கேம் விழாவின் சீமஸ் மெக்நாலி பெரும்பரிசும், ஏப்ரலில் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன. தமிழ்ப் பெயரோடு, தமிழ்ச் சமையலோடு, ஒரு குடும்பப் பெண்ணின் உடம்போடு!

இனி நம் வாசலில் நடக்கப்போவதைச் சொல்லவேண்டும். செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி ஏற்கெனவே இருக்கிறது. 2024 ஜனவரியில் பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமையும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், அனிமேஷனும் விஎஃப்எக்ஸும் அதில் அடக்கம். அதாவது, நாளைக்குப் பல தமிழ்ப் பெண் உருவங்களின் முக்கோணங்கள் சென்னீர்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சேர்க்கப்படலாம். அந்த மேசைகளில் உட்காரப்போகிறவர்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் அனிமேஷன் படிக்கிறாள். அவள் செய்த மாடலைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

"இடுப்பு ஏம்மா இப்படி?" என்றேன்.

"நான் பண்ணல அக்கா. ரெடிமேடா கிடைக்கிற பேஸ் மெஷ்லயே இப்படித்தான் வரும். எல்லாரும் அதுலேர்ந்துதான் ஆரம்பிப்போம்."

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. தப்பான எண்ணம் எதுவும் இல்லாத ஒரு பெண், நேரம் மிச்சம் என்று எடுத்துக்கொள்கிற இலவச உருவத்திலேயே பழைய முடிவு ஒளிந்திருக்கிறது. மேக்ஹியூமன் என்ற இலவச மென்பொருளைப் பற்றி அவளிடம் சொன்னேன். வயது, எடை, தசை, உயரம் ஒவ்வொன்றையும் நகர்த்தி உடம்பை அமைக்க அதில் வழி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவளாகவே வந்து காட்டினாள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், கனத்த புயம், சற்றுச் சரிந்த வயிறு, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்க அத்தை, அக்கா. கம்பெனிக்குப் போறாங்கல்ல, நின்னு நின்னு அப்படி ஆயிடுச்சு," என்றாள். "பாடி வந்துடுச்சு. ஆனா சேலை கட்ட முடியல. நடந்தா மடிப்பு எல்லாம் காலுக்குள்ள பூந்துடுது."

அவள் சொன்ன சிக்கல் கேம் உலகத்துக்கே பொதுவானது. துணி தனியாக அசைய வேண்டுமென்றால் ஒவ்வொரு நொடியும் கணினி அதற்குக் கணக்குப் போடவேண்டும். அதற்குத் திறன் போதாத காலத்தில் உடையை உடம்பின் மேலேயே வண்ணமாகப் பூசிவிட்டார்கள். பழைய கேம் பெண்களின் உடைகள் தோலோடு ஒட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்தரை மீட்டர் துணியைக் கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டு, அதோடு ஒருத்தியை மாடிப்படி ஏறச் செய்வது இன்றைக்கும் எளிதில்லை. கேம்களில் சேலை இவ்வளவு அபூர்வமாக இருப்பது ஏன், அதை அசையவைக்க யார் யார் என்னென்ன முயன்றார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)